ஒண்டும் கிடைக்காட்டி ரீச்சிங்

வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு அம்மாவோட மரக்கறி வாங்கப் போனால் தெரிஞ்ச அன்ரி ஒராள் கட்டாயம் அகப்படுவா. கேள்விகளின் ஒழுங்கு ஒருநாளும் மாறாது. "மகள் இப்ப என்ன செய்யிறா?" கம்பஸ். "ஆ, நல்லது. என்ன பீடம்?" ஆர்ட்ஸ். அதுக்குப் பிறகு ஒரு சின்ன அமைதி. கையில் இருக்கிற கத்தரிக்காயை ஒருக்காப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்ரி ஆறுதல் சொல்லுவா: "அது பரவாயில்லை பிள்ளை. ஒண்டும் கிடைக்காட்டி ரீச்சிங் இருக்குத்தானே."

கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டுக்குப் போனாலும் இதே வசனம்தான். கூடவே தேத்தண்ணியும் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் கெட்ட நோக்கத்தோட சொல்லுறதில்லை. பொம்பிளைப் பிள்ளைக்குப் பாதுகாப்பான வேலை, அரைநாள் வேலை, லீவு நிறைய, பென்சன் வரும். எல்லாம் சரி. ஆனா அந்த "ஒண்டும் கிடைக்காட்டி" என்ற இரண்டு சொல் எனக்குத் தொண்டையில் முள்ளு மாதிரி நிக்குது. எங்களுக்கு ஒண்டும் கிடைக்காட்டி ரீச்சிங். சரி, அப்ப அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்குது?

அன்ரியோட சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. அன்ரி சாதாரணமாகச் சொல்லுறதைத்தான் அரசாங்கம் வர்த்தமானியில் சொல்லுது, பல்கலைக்கழகம் பேசாமல் இருந்து சொல்லுது, வேலை கேட்டு வீதிக்கு வருகிற நாங்களும் பதாகை பிடித்துச் சொல்லுறம். என்ர சண்டை இந்த மூன்று பேரோடும்தான். மூன்றாவது ஆளில் நானும் இருக்கிறன்.

முதலில் அரசாங்கம். 2020இல் வேலையற்ற பட்டதாரிகள் 50,000 பேரளவில் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுக்கப்பட்டார்கள். பிறகு அவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஆனார்கள். என்ன அபிவிருத்தி, எங்க அபிவிருத்தி எண்டு யாருக்கும் தெரியாது. அவர்களில் ஆயிரக்கணக்கானோரைப் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பு இருக்கு, வேலை இல்லாத பட்டதாரி இருக்கிறார், ரெண்டையும் ஒரு அறைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்தினால் கணக்குச் சரி. அப்படிப் போனவர்கள் வருடக்கணக்காக வகுப்பு எடுத்தார்கள், ஆனா ஆசிரியர் என்ற பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை. எங்களை ஆசிரியர் சேவைக்குள் எடு என்று அவர்கள் வீதிக்கு வந்தது நியாயம்தான். உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரை மறுக்கிறது சுரண்டல். ஆனா அந்தப் போராட்டம் நடந்த காலம் முழுக்க ஒரு கேள்வியை அரசாங்கமும் கேட்கவில்லை, தொழிற்சங்கங்களும் பெரிதாகக் கேட்கவில்லை: இவர்களுக்குப் படிப்பிக்கிறது எப்படி என்று யார் எப்ப சொல்லிக்கொடுத்தது?

மலையகத்தில் இதைவிடக் கொடுமை நடந்தது. 2015 அளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். உயர்தரம் முடித்த இளம் பெடியன்கள், பெட்டைகள். மாதம் 6,000 ரூபா. பிறகு கத்திக் கத்தி 10,000 ஆக்கினார்கள். அவர்களில் பலர் முழுநேர ஆசிரியர் செய்கிற வேலையைத்தான் செய்தார்கள், கலாசாலைப் பயிற்சியும் பாடசாலையுமாக இரண்டு பக்கமும் இழுபட்டார்கள். ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் அவர்களின் அண்ணன் தம்பிமார் கடைகளில் அதைவிடக் கூட உழைத்தார்கள். ஆசிரியத் தொழிலுக்கு இந்த நாடு போட்டிருக்கிற விலையை அறிய அந்த 6,000 ரூபாவே போதும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. எங்கட நாட்டில் ஆசிரியர் பயிற்சியே இல்லை என்று சொல்ல ஏலாது. 1980களின் நடுவிலிருந்து தேசிய கல்வியியல் கல்லூரிகள் இருக்கு. கோப்பாயில், வவுனியாவில், மட்டக்களப்பில், அட்டாளைச்சேனையில், பத்தனையில் எல்லாம் இருக்கு. உயர்தரப் பெறுபேற்றை வைத்து எடுபடுகிற ஒரு பிள்ளை அங்கே இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி செய்து, பிறகுதான் ஆசிரியர் நியமனம் பெறும். ஆனா பல்கலைக்கழகத்தில் மூன்று, நான்கு வருடம் வரலாறும் புவியியலும் பொருளியலும் படித்த எனக்கு ஒருநாள் பயிற்சிகூட வேண்டாம். போட்டிப் பரீட்சை ஒன்று, நேர்முகப் பரீட்சை ஒன்று, அடுத்த திங்கட்கிழமை 10ஆம் தரம். பயிற்சியை அதுக்குப் பிறகு, பதவி உயர்வுக்குத் தேவைப்படும்போது, சனி ஞாயிறில் பார்த்துக்கொள்ளலாம்.

யோசித்துப் பாருங்க. கீழ் வகுப்புக்குப் போகிறவருக்கு மூன்று வருடப் பயிற்சி. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் படிப்பிக்கப் போகிற பட்டதாரிக்குப் பூச்சியம். இதுக்குப் பின்னால் இருக்கிற நம்பிக்கை என்னவென்றால், பாடம் தெரிந்தால் படிப்பிக்கவும் தெரியும் என்பது. மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம் படித்தவரை நாங்கள் அப்படி நம்புறதில்லை, ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி முடித்த பிறகுதான் அவரைத் தனியே விடுறம். காலி வீதியில் ஓடுகிற 100ஆம் நம்பர் பஸ் டிரைவரிடமும் லைசன்ஸ் கேட்கிறம். 40 பிள்ளைகளோட ஒரு வருடத்தை ஒப்படைக்கிற ஆளிடம் மட்டும் ஒண்டும் கேட்கிறதில்லை.

இதை நான் எங்கேயோ வாசித்து விளங்கிக்கொள்ளவில்லை. இரண்டாம் வருடத்தில் செலவுக்குக் காசு வேண்டி, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு மேல்மாடியில் நடந்த ரியூசனில் 10ஆம் தரத்துக்கு வரலாறு எடுத்தன். பதினெட்டுப் பிள்ளைகள். கம்பஸில் வரலாறு படிக்கிற திமிர் எனக்கு நிறைய. முதல் நாளே அனுராதபுர காலத்து நீர்ப்பாசனத்தைப் பற்றி விரிவாகக் கதைச்சன். மூன்றாம் நாள் பார்த்தால் என்ன செய்துகொண்டிருக்கிறன் தெரியுமா? நோட்ஸ் சொல்லிக்கொண்டிருக்கிறன். "எழுதுங்கோ. கமா. புதுப் பந்தி. கீழ்க்கோடு போடுங்கோ." பள்ளிக்கூடத்தில் நான் வெறுத்த அதே குரல், அதே கமா.

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் ஆசிரியர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதுக்கு ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். வேறு எந்தத் தொழிலுக்கும் இல்லாத ஒரு வினோதம் ஆசிரியத் தொழிலுக்கு இருக்கு. அதுக்குள் வருகிற எல்லாரும் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணித்தியாலம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். எங்கட கணக்கில் 13 வருடம். ஆனா மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தது. ஆசிரியர் என்ன செய்தார் என்று தெரியும், ஏன் செய்தார் என்று தெரியாது. அதனால் பயிற்சி இல்லாமல் வகுப்புக்குள் போகிற ஆள் தன்னுடைய பழைய ஆசிரியரைத்தான் திருப்பிச் செய்வார். சுயமாகச் செய்கிறம் என்று நினைத்துக்கொண்டே செய்வார். என்ர கமா எனக்குச் சொந்தமானது இல்லை. அது எனக்குப் படிப்பித்தவருக்குப் படிப்பித்தவருடைய கமா.

ஆனா கமாவோட கதை முடியவில்லை. அந்த வகுப்பில் ஒரு பிள்ளை எழுதவே மாட்டாள். எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பாள், பென்சிலைத் திருப்பித் திருப்பிச் சீவுவாள். வாசிக்கச் சொன்னால் சிரிப்பாள். நான் அவளைக் கவனமில்லாத பிள்ளை என்று முடிவு கட்டினன். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் ஏசினன். இரண்டு மாதத்தில் அவள் நிண்டிட்டாள். பிறகு அவளுடைய தோழி சொல்லித்தான் தெரியும், அவளுக்கு எழுத்துகள் தெரியும், ஆனா ஒரு முழு வசனத்தை வாசித்து அதுக்குள்ள என்ன இருக்கு என்று சொல்ல ஏலாது. 10ஆம் தரம். சாதாரண தரத்தில் வரலாறு கட்டாய பாடம். நான் அந்தப் பிள்ளைக்கு நீர்ப்பாசனம் பற்றி நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தன்.

நான் கெட்டவள் என்று இதைச் சொல்லவில்லை. 15 வயதுப் பிள்ளைக்கு வாசிக்க ஏலாமல் இருக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடித்தால் மற்றவர்களுக்கு முன்னால் அவளை வெட்கப்படுத்தாமல் என்ன செய்கிறது, வரலாற்றுப் பாடத்துக்குள்ளேயே வாசிப்பை எப்படிப் பழக்குறது: இதெல்லாம் உலகத்தில் தெரிந்த விசயங்கள். சொல்லிக்கொடுக்கக்கூடிய விசயங்கள். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாளைக்கு நியமனம் கிடைத்துப் போகிற என்ர பட்ச்மேற் யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

"எனக்குப் படிப்பித்த சேர் பயிற்சி எடுக்கேல்ல, ஆனா என்ன மாதிரிப் படிப்பிப்பார் தெரியுமா!" என்று உடனே ஒராள் சொல்லுவார். எனக்கும் அப்படி ஒரு மிஸ் இருந்தா. வரலாறு எனக்குப் பிடிக்கக் காரணமே அவதான். ஆனா அப்படி ஒராள் கிடைக்கிறது லொத்தர் சீட்டு. லொத்தர் விழுந்தவர்கள்தான் கம்பஸுக்கு வந்து இருக்கிறம், அதனால் எங்களுக்கு லொத்தர் நல்ல முறையாகத் தெரியுது. விழாத பிள்ளைகள் இந்தக் கட்டுரையை வாசிக்கப் போவதில்லை.

இன்னொராள் ரியூசனைக் காட்டுவார். வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் மதிலில் ஒரு சேரின் முகம் சிரிக்கும். மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், கையில் மைக், புரொஜெக்டர், பகிடி, போன வருடம் யார் யார் எத்தனை ஏ எடுத்தது என்ற பட்டியல். இவர்களில் எத்தனை பேர் பயிற்சி எடுத்தது? அப்படியும் பிள்ளைகள் அள்ளுப்பட்டுப் போகுதுதானே?

போகுது. நானும் போனன். சிலர் உண்மையிலேயே கெட்டிக்காரர். ஆனா ரியூசனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கு. ரியூசனில் விளங்காத பிள்ளை நிண்டிடும். அடுத்த மாதம் காசு கட்டாது, அந்தக் கதிரையில் வேறு பிள்ளை இருக்கும். பள்ளிக்கூடத்தில் விளங்காத பிள்ளை அங்கேயேதான் இருக்கும், ஒவ்வொரு நாளும், கடைசி வாங்கில், வருடம் முழுக்க. ரியூசன் மாஸ்டர் அந்தப் பிள்ளையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஆசிரியர் யோசித்தே ஆகவேண்டும். ஆசிரியப் பயிற்சி என்பது முதன்மையாக அந்தக் கடைசி வாங்குக்கான படிப்பு. முன் வாங்குப் பிள்ளைகள் எப்படியாவது பாஸ் பண்ணும், எங்களைப் போல.

சரி, இனிப் பல்கலைக்கழகம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு கல்விப் பீடம் இருக்கு. கல்விமாணிப் பட்டம் இருக்கு, ஆனா அதுக்குள் எடுபடுகிறவர்களின் தொகை சின்னது. பட்டப்பின் கல்வி டிப்ளோமா கொழும்பில், பேராதனையில், யாழ்ப்பாணத்தில், திறந்த பல்கலைக்கழகத்தில், மகரகமை தேசிய கல்வி நிறுவகத்தில் எல்லாம் இருக்கு. தமிழ் மொழியிலும் இருக்கு. இதையெல்லாம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கல்வியியலைத் தமிழில் எழுதிய பேராசிரியர்கள் எங்களுக்கு இருந்திருக்கிறார்கள். கொழும்பில் சோ. சந்திரசேகரம், யாழ்ப்பாணத்தில் சபா ஜெயராசா. ஆசிரியர்களுக்கென்றே தமிழில் 'அகவிழி' என்று ஒரு இதழ் வந்தது. அறிவு இல்லாமல் இல்லை. அந்த அறிவு ஆளைச் சந்திக்கிற நேரம்தான் பிழை.

பட்டதாரிக்கு அது எப்ப வருது? வகுப்புக்குள் போய் மூன்று, நாலு வருடம் கழிந்த பிறகு. நோட்ஸ் சொல்லுற பழக்கம் எலும்புக்குள் இறங்கின பிறகு. கிழமை முழுக்க ஐந்து நாள் படிப்பித்து, வீட்டில் பிள்ளைகளையும் பார்த்து, சனிக்கிழமை விடிய பஸ் ஏறி விரிவுரைக்குப் போய் நித்திரை தூங்கின பிறகு. அந்த இடைப்பட்ட வருடங்களில் அவரிடம் படித்த பிள்ளைகள்? அவர்கள் பரிசோதனை எலிகள். நீந்தத் தெரியாதவனைக் கடலில் தள்ளிவிட்டு, கரைக்கு வந்தால் நீச்சல் வகுப்பில் சேர்க்கிறம் என்று சொல்வது மாதிரியான ஒழுங்கு இது.

அந்த வகுப்பிலும் என்ன நடக்குது? படித்து முடித்த அக்காமார், அண்ணாமாரிடம் கேட்டுப் பாருங்க. பியாஜே, வைகோட்ஸ்கி, புளூம். யார் என்ன சொன்னார், எத்தனை படிநிலை, அம்சங்களைக் குறிப்பிட்டு விளக்குக. பிள்ளையை மையமாக வைத்துக் கற்பிக்கவேண்டும் என்பதை விரிவுரையாளர் நோட்ஸாகச் சொல்ல, ஆசிரியர்கள் குனிந்து எழுதுகிறார்கள். கமா. புதுப் பந்தி. கற்பித்தல் பயிற்சி மேற்பார்வைக்கு ஆள் வருகிற நாளில் வடிவான பாடக்குறிப்பு, கலர்ப் பேப்பரில் வெட்டி ஒட்டின கற்பித்தல் சாதனம், முதல் நாளே விடை சொல்லிப் பழக்கின பிள்ளைகள். அவர் போன பிறகு எல்லாம் அலுமாரிக்குள். எல்லா இடமும் இப்படி என்று சொன்னால் அநியாயம். ஆனா இதை வாசிக்கிற ஆசிரியர்கள் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏன் சிரிப்பார்கள் என்றும் தெரியும்.

ஆகவே "பயிற்சியைக் கட்டாயமாக்கு" என்று மட்டும் கத்தினால் பிரச்சினை தீராது. பக்கத்தில் தமிழ்நாட்டைப் பார்ப்பம். அங்கே பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வர பி.எட். வேண்டும், 2015இலிருந்து இந்தியா முழுக்க அது இரண்டு வருடப் படிப்பு. கேட்க நல்லாயிருக்கு. ஆனா உச்ச நீதிமன்றம் அமைத்த வெர்மா ஆணைக்குழு 2012இல் அறிக்கை கொடுத்தபோது ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை தனியார் கையில் இருந்தன. தனித்து நிற்கிற 10,000க்கு மேற்பட்ட கல்லூரிகளில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்பதை 2020 தேசிய கல்விக் கொள்கையே அந்த ஆணைக்குழுவை வைத்து ஒத்துக்கொண்டது. கட்டாயமாக்கிவிட்டு அரசு கையைக் கழுவினால் நடக்கிறது அதுதான். கொழும்பில் டிப்ளோமா விற்கிற கடைகளுக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை. காலி வீதியில் இன்னும் நாலு போர்ட் தொங்கும், அவ்வளவுதான்.

மற்றப் பக்கம் பின்லாந்து. எல்லாரும் பின்லாந்தைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, ஆனா சொல்லவேண்டியதைச் சொல்லுறதில்லை. அங்கே பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் குறைவு என்பதில்லை விசயம். 1970களின் இறுதியிலிருந்து அங்கே ஆசிரியராக முதுமாணிப் பட்டம் வேண்டும். ஆசிரியரை உருவாக்குகிறது பல்கலைக்கழகத்தின் பின்வாசல் வேலை இல்லை, முன்வாசல் வேலை. பல்கலைக்கழகங்களுக்கென்றே பயிற்சிப் பாடசாலைகள் இருக்கு. மாணவ ஆசிரியர் அங்கே போய்ப் படிப்பிப்பார், அனுபவமுள்ள ஆசிரியர் பின்னால் இருந்து பார்ப்பார், பிறகு இருவரும் இருந்து கதைப்பார்கள். ஏன் அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டாய்? அவள் சொன்ன பிழையான விடைக்குள் என்ன சரி இருந்தது? இதுக்குப் பின்லாந்தின் காசு தேவையில்லை. ஒரு பாடசாலையும் ஒரு நல்ல ஆசிரியரும் ஒரு கதிரையும் போதும்.

"பிழையான விடைக்குள் என்ன சரி" என்று நான் சொன்னது சும்மா இல்லை. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1986இல் ஒரு விசயத்தைத் தெளிவாக்கினார். பாட அறிவு ஒன்று, பொதுவாகப் படிப்பிக்கிற திறன் இன்னொன்று. ஆனா ஆசிரியருக்குத் தேவையானது மூன்றாவது ஒன்று: அந்தந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறதுக்கென்றே இருக்கிற அறிவு. வரலாற்றில் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள், எந்த உதாரணம் கைகொடுக்கும், எது குழப்பும் என்ற அறிவு. இது வரலாற்றுத் துறையிலும் இல்லை, கல்வித் துறையிலும் தனியே இல்லை. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் வரும். எங்கட நாட்டில் இரண்டு பீடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று பார்க்காமல் இருக்கு.

தமிழில் இந்த மூன்றாவது அறிவின் நிலைமை இன்னும் மோசம். ஆசிரியர் வழிகாட்டிகள் பலதும் சிங்களத்தில் யோசித்துத் தமிழில் பெயர்க்கப்பட்டவை. வாசித்தால் தமிழ் மாதிரி இருக்கும், விளங்காது. கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்பை எடுங்க. ஒரு பிள்ளை வீட்டில் மலையகத் தமிழ் கதைக்கும், ஒரு பிள்ளை யாழ்ப்பாணத் தமிழ், ஒரு பிள்ளை முஸ்லிம் வீட்டுத் தமிழ், இன்னொன்று தெருவில் சிங்களம், வீட்டில் பாதி பாதி. பாடப்புத்தகத்தின் தமிழ் இவர்கள் யாருக்கும் சொந்தமில்லை. இந்த வகுப்பை எப்படி நடத்துறது? இதுக்குப் பதில் பின்லாந்திலும் இல்லை, மகரகமையில் இருந்து வருகிற மொழிபெயர்ப்பிலும் இல்லை. கொழும்பில் தமிழில் படிப்பிக்கிற ஆசிரியர்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து கண்டுபிடிக்கவேண்டிய பதில். யாரும் கேட்காத கேள்விக்கு யார் பதில் தேடுறது?

2026இலிருந்து 1ஆம், 6ஆம் தரங்களில் தொடங்குவதென்று கல்விச் சீர்திருத்தம் ஒன்றை அறிவித்தார்கள். தொகுதிகள், செயற்பாடுகள், பரீட்சைச் சுமை குறைப்பு. நோக்கத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. கல்வி அமைச்சராக இருக்கிற பிரதமரே பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர், இதெல்லாம் அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனா நோட்ஸ் சொல்லி வளர்ந்த ஆசிரியரிடம் எத்தனை நாள் பட்டறை வைத்து எந்தத் தொகுதியைக் கொடுத்தாலும் அவர் அந்தத் தொகுதியை நோட்ஸாகச் சொல்லுவார். பாடப்புத்தகத்தை மாற்றுறது சுகம். ஆசிரியர் உருவாகிற இடத்தை மாற்றாமல் வகுப்பறை மாறாது.

கடைசியாக நாங்கள். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கல்விக்கு 6% கேட்டு மாதக்கணக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். நாங்கள் அப்ப சின்னப் பிள்ளைகள், ஆனா அந்தச் சுலோகம் இன்றைக்கும் எங்கட மதில்களில் இருக்கு. அரசு செலவிடுகிறது இன்றைக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2%க்கும் குறைவு. 2021இல் பாடசாலை ஆசிரியர்கள் 1997இலிருந்து தொடர்ந்த சம்பள முரண்பாட்டுக்கு எதிராக மூன்று மாதமளவில் நிகழ்நிலைக் கற்பித்தலை விட்டு விலகி நின்றார்கள். இரண்டும் நியாயமான போராட்டம். சம்பளம் கூடாமல் பயிற்சியைப் பற்றிக் கதைக்கிறது பகிடி. ஒழுங்கான சம்பளம் இல்லாத தொழிலுக்கு யாரும் நான்கு வருடம் ஆயத்தம் செய்யமாட்டார்கள்.

ஆனா தோழர்களே, எங்கட பதாகையில் இருக்கிறது என்ன? "பட்டதாரிகளுக்கு வேலை கொடு. ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பு." வெற்றிடத்தை நிரப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. குழியை மண்ணால் நிரப்புற மாதிரி. அதில் நாங்கள் மண். பிள்ளைகள் எங்கேயும் இல்லை. அரசாங்கம் எங்களை எண்ணிக்கையாகப் பார்க்குது என்று கோபப்படுறம், நாங்களே எங்களை எண்ணிக்கையாக எழுதிப் பிடிக்கிறம். "பயிற்சி கேட்டால் நியமனம் பிந்தும், அரசாங்கம் அதைச் சாட்டாக வைக்கும்" என்று சங்கத்தில் இருக்கிற ஒரு நண்பன் சொன்னான். அவன் பயப்படுறதில் அர்த்தம் இருக்கு. சாட்டுத் தேடுகிற அரசாங்கம்தான் இது. அதனால்தான் பயிற்சியை நியமனத்துக்குப் பிறகும் வைக்கக்கூடாது, பட்டத்துக்குப் பிறகும் வைக்கக்கூடாது. பட்டத்துக்குள்ளேயே வைக்கவேண்டும்.

நான் கேட்கிறது இவ்வளவுதான். ஆசிரியராக விரும்புகிற கலைப்பீட, விஞ்ஞான பீட மாணவர்களுக்கு இரண்டாம் வருடத்திலிருந்தே ஒரு பாதை திறக்கவேண்டும். பாடத்தை எங்கட துறையும், படிப்பிக்கிறதைக் கல்விப் பீடமும் சேர்ந்து தரவேண்டும். ஒவ்வொரு அரையாண்டும் பாடசாலைக்குப் போகவேண்டும். முதலில் பின்வாங்கில் இருந்து பார்க்க, பிறகு ஒரு பிள்ளையோட இருந்து வாசிக்க, பிறகு ஒரு பாடம் எடுக்க, கடைசி வருடத்தில் ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்க. பெயர் பெற்ற பாடசாலைகளுக்கு மட்டும் இல்லை, கூரை ஒழுகுகிற பாடசாலைகளுக்கும். எங்களைப் பார்த்துக்கொள்ளுகிற ஆசிரியருக்கு அதுக்கென நேரமும் காசும் கொடுக்கவேண்டும். பட்டம் முடிந்த முதல் வருடம், வைத்தியர்களுக்கு இருக்கிற மாதிரி, சம்பளத்தோட உள்ளகப் பயிற்சி. இதெல்லாம் தமிழில், தமிழில் யோசித்து. ஏற்கெனவே பாடசாலைகளில் நிக்கிற அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கு நிரந்தர நியமனமும், வேலை நேரத்துக்குள்ளேயே பயிற்சியும். சனிக்கிழமை விடியப் பஸ் ஏறுறது இல்லை.

இது கலைப்பீடத்துக்கும் நல்லது. "ஆர்ட்ஸ் படிச்சு என்ன பிரயோசனம்" என்று எங்களிடம் கேட்கிற ஒவ்வொரு அமைச்சருக்கும் நாங்கள் சொல்லக்கூடிய பதில் இது. நாட்டில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் இருக்கு, 40 லட்சம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரலாறும் மொழியும் குடியியலும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆட்களை உருவாக்குறதைவிடப் பெரிய பிரயோசனம் என்ன? ஆனா அதை நாங்கள் கடைசித் தெரிவாக எடுத்தால் அந்தப் பதிலைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையைப் பிறகு ஒருக்கால்தான் கண்டன். சென் லூசியாஸ் பக்கம், தங்கச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். "மிஸ்" என்று கூப்பிட்டுச் சிரித்தாள். கோபமே இல்லை. எனக்கு ஏதாவது கோபத்தோட பார்த்திருந்தால் லேசாக இருந்திருக்கும். ஓ/எல் எடுத்தாயா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனி மார்க்கெட்டில் அன்ரி கேட்டால் சொல்லுறதுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறன். "இல்லை அன்ரி, எனக்கு ரீச்சிங்தான் வேணும். ஆனா அதை எனக்கு இன்னும் யாரும் படிப்பிக்கேல்ல." அன்ரிக்கு இது விளங்குமோ தெரியாது. பீடத்துக்கு விளங்கவேண்டும். எங்கட சங்கத்துக்கு அதுக்கு முதல் விளங்கவேண்டும். அடுத்த பதாகையை எழுதும்போது என்னையும் கூப்பிடுங்க, பெயின்ற் நான் கொண்டுவாறன்.